மகளையும் கூட்டிக்கிட்டு கம்போடியா பிள்ளைங்க இல்லத்துக்கு மிஷன் பயணம்: தெரிஞ்சவங்க சொல்லுங்க

சிப்புட்_ரூத்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். எங்க சபையில ஆண்டுக் கடைசி பள்ளி விடுமுறைக்கு ஒரு குழு கம்போடியா போகுது. பட்டம்பாங் பக்கத்துல ஒரு அநாதைப் பிள்ளைங்க இல்லம். அஞ்சு நாள். காலையில விடுமுறை வேதாகமப் பள்ளி, மத்தியானம் நாங்களே சமைச்சுப் போடுறது, சாயங்காலம் விளையாட்டு, பாட்டு, சாட்சி. கடைசி நாள் ஆளுக்கொரு பை: துணி, பென்சில், மிட்டாய்.

எனக்கு செம்பனை எண்ணெய் ஆலை ஆபீஸ்ல வேலை. வீட்டுக்காரருக்கு ஷிப்ட், அவர் வரமாட்டார். மகளைக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன். படிவம் மூணு படிக்கிறா, 15 வயசு. வீட்ல இருந்தா கைப்பேசியோடதான் குடும்பம் நடத்துவா. நான் பிறந்த தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீட்டைக்கூட அவ பார்த்ததில்ல, இடிச்சுச் செம்பனை நட்டாச்சு. இல்லாதவங்க எப்படி வாழுறாங்கன்னு ஒரு தடவையாவது கண்ணால பார்க்கட்டும்னு ஆசை. "அதப் பார்க்க விமானம் ஏறணுமா"ன்னு அவ அப்பா சிரிக்கிறார்.

பிள்ளை மனசு தாங்குமா? என்ன எடுத்துட்டுப் போகணும்? பாஷை தெரியாம எப்படிச் சமாளிக்கிறது? போய் வந்தவங்க சொல்லுங்க.

ஈப்போ_மார்த்தா

யோசிக்கவே வேணாம் சிஸ்டர், கூட்டிக்கிட்டுப் போங்க! என் மகன் போய் வந்த பிறகு தட்டுல சோறு மிச்சம் வைக்கிறதில்ல.

மலேசிய பாஸ்போர்ட்டுக்கு கம்போடியாவுல 30 நாளைக்கு விசா தேவையில்ல. ஆனா விமானம் ஏறுறதுக்கு முன்னாடி அவங்க இ-அரைவல் பாரத்தை ஆன்லைன்ல நிரப்பணும், ஒரு வாரத்துக்கு உள்ள செஞ்சாப் போதும். மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லன்னா இப்பவே எடுத்துடுங்க, 12 வயசு தாண்டியாச்சு, அதனால 200 வெள்ளி (ரிங்கிட்). அப்பா வரலன்னா அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒண்ணு பையில இருக்கட்டும், கேட்டாலும் கேட்பாங்க. டாலர் சின்ன நோட்டா மாத்திக்குங்க, கிழிஞ்ச நோட்டு வாங்கமாட்டாங்க. கொசு மருந்து கட்டாயம்.

பாஷையப் பத்திக் கவலையே வேணாம். நாம வேன்ல இருந்து இறங்கும்போதே பிள்ளைங்க ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கும். முன்னப் பின்ன தெரியாத நம்ம மடியில ஏறி உட்கார்ந்துக்கும். கிளம்பும்போது விடாது. நான் ஏர்போர்ட் வரைக்கும் அழுதுகிட்டே வந்தேன்.

லயத்துப்பையன்

அக்கா, தப்பா நினைக்காதீங்க. சிப்புட் பஸ் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்து பாருங்க. பள்ளிக்கூடம் போகாத நம்ம பிள்ளைங்க எத்தனை பேர், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர். அதுக்கு விமான டிக்கெட் வேணாம். ஆனா பட்டம்பாங்ல எடுத்த படத்துக்கு வர்ற லைக் இதுக்கு வராது, தெரியும்.

ஈப்போ_மார்த்தா

@லயத்துப்பையன் தம்பி, இங்க செய்யறவங்கதான் அங்கயும் செய்யறாங்க. குத்திப் பேசாம பேசலாம்.

ஓய்வுபெற்ற_சமூகநலம்

ரூத் அம்மா, நான் சமூகநல இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பையில் என்ன வைப்பது என்பதற்கு முன்னால் குழுத் தலைவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த இல்லத்துப் பிள்ளைகளில் தாயும் தகப்பனும் இல்லாதவர்கள் எத்தனை பேர்?

இதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், கம்போடியாவில் 2005-இல் இப்படிப்பட்ட இல்லங்கள் 154 இருந்தன. 2010-இல் 269. அந்த ஐந்து வருடத்தில் போர் இல்லை, பஞ்சம் இல்லை. எழுபதுகளில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பொல்போட் ஆட்சிக் காலத்து அநாதைகள் அதற்குள் நடுவயதைத் தொட்டுவிட்டார்கள். பிறகு ஏன் கூடியது? சுற்றுலாப் பயணிகள் கூடினார்கள், நல்ல மனதோடு வருகிற குழுக்கள் கூடின, அவர்களோடு பணமும் வந்தது. யூனிசெஃப்போடு சேர்ந்து கம்போடிய அரசே ஆராய்ந்தபோது, இல்லங்களில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரிந்தது. 2015 கணக்கெடுப்பில் 406 இல்லங்கள், 16,579 பிள்ளைகள். அதன் பிறகுதான் அரசு சட்டத்தை இறுக்கிப் பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்கியது.

நடக்கிறது இதுதான். கிராமத்தில் ஒரு தாய். கடன், நிலமில்லை, புருஷன் தாய்லாந்தில் கூலி வேலை. "பிள்ளையைக் கொடு, படிக்க வைக்கிறோம், ஆங்கிலம் சொல்லித் தருகிறோம்" என்று ஒருவர் வருகிறார். அவர் கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அவள் கொடுக்கிறாள். இல்லத்தில் பிள்ளை இருந்தால்தான் குழு வரும், குழு வந்தால்தான் அரிசி வரும். அப்புறம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்? மோசமான இடங்களில், பிள்ளைகள் கொஞ்சம் மெலிந்து இருப்பதே வருமானத்துக்கு வசதி என்று வைத்திருந்ததும் உண்டு. காசுக்காகப் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதை நவீன அடிமைத்தனம் என்று ஆஸ்திரேலியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் அநாதை இல்லங்களுக்குத் தொண்டு செய்யப் போகும் சுற்றுலாவைப் பற்றிப் பேசி, அதனால் வரும் கேட்டைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

மார்த்தா அம்மா, நீங்கள் சொன்ன அந்தக் கட்டிப்பிடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பிள்ளை, தெரியாத ஆள் வந்தால் என்ன செய்யும்? அம்மா சேலைக்குப் பின்னால் போய் ஒளியும். ருமேனியா அநாதை இல்லங்களில் இருந்த 136 பிள்ளைகளை 2000-இலிருந்து ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அறிவு வளர்ச்சியும் ஒருவரோடு ஒட்டும் தன்மையும் தேறின. சீக்கிரம் சேர்ந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தேறின. யார் வந்தாலும் மடியில் ஏறுவது, நிலையாக ஒரு ஆள் இல்லாத பிள்ளையிடம் காண்கிற அறிகுறி. ஒவ்வொரு மாதமும் ஒரு குழு வந்து அன்பு காட்டிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போனால் அது இன்னும் முற்றும்.

ஈப்போ_மார்த்தா

இத யாரும் எங்களுக்குச் சொல்லல.

ஜெபவீரன்

ஐ.நா. சொன்னது, ஆஸ்திரேலியா சொன்னது எல்லாம் சரி ஐயா. யாக்கோபு 1:27 என்ன சொல்லுது? திக்கற்ற பிள்ளைகளைப் போய் விசாரிக்கிறதுதான் மாசில்லாத பக்தி. ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டல்ல ஆயிரக்கணக்கான அநாதைகளை வளர்த்தார். ஏமி கார்மைக்கேல் அம்மா டோனாவூர்ல கோயில்ல விடப்பட்ட பெண் பிள்ளைங்களை மீட்டாங்க. அவங்க இப்படி ஆராய்ச்சி படிச்சுக்கிட்டு இருந்திருந்தா ஒரு பிள்ளையும் பிழைச்சிருக்காது. ஊழியத்துக்குப் போறவங்க கையக் கட்டிப் போடாதீங்க.

நாசரேத்_பேரன்

@ஜெபவீரன் பிரதர், எங்க பாட்டன் திருநெல்வேலிச் சீமை நாசரேத்துல இருந்து வந்தவர். டோனாவூர் எங்களுக்குப் பக்கத்து ஊர்க் கதை. ஏமி அம்மா இந்தியாவுக்கு வந்தது 1895. செத்தது 1951, டோனாவூர்லயே. நடுவுல ஒரு தடவைகூட ஊர் திரும்பல. தமிழ் படிச்சு, சேலை கட்டி, அந்தப் பிள்ளைங்களுக்கு 'அம்மா'வாவே இருந்து செத்தாங்க. கல்லறைக்குக் கல்கூட வேணாம்னு சொன்னவங்க. நாம அஞ்சு நாள் போயிட்டு, அதுலயும் ஒரு நாள் அங்கோர் வாட் பார்த்துட்டு வர்றோம். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கலாமா?

முல்லரைப் பத்தியும் சொல்றேன். தாய் தகப்பன் ரெண்டு பேரும் இறந்த பிள்ளைங்களுக்குத்தான் அவர் கட்டின இல்லம். அந்தச் சமூகநலத்து ஐயா கேட்கச் சொன்ன கேள்விய முல்லர் 19-ஆம் நூற்றாண்டுலயே கேட்டுட்டார்.

ஜெபவீரன்

முழுநேர ஊழியம் எல்லாருக்கும் அழைப்பு இல்ல. அஞ்சு நாள் கொடுக்கிறவன் அஞ்சு நாள் கொடுக்கட்டும். விதவையின் காசையும் ஆண்டவர் தள்ளல.

எல்பில்_தாத்தா

நானும் ரெண்டு வரி எழுதறேன். பேத்திதான் தட்டித் தர்றா.

எங்கம்மாவுக்கு ஆறு வயசுல ஜப்பான்காரன் வந்தான். தாத்தாவையும் பெரியமாமாவையும் தோட்டத்துல இருந்து லாரியில ஏத்திக்கிட்டுப் போனான், சயாமுக்கு (இப்ப தாய்லாந்து) ரயில் பாதை போட. மூணு மாசத்துல வந்துடலாம், நல்ல சம்பளம்னு சொன்னாங்களாம். ரெண்டு பேரும் வரவே இல்ல. பாட்டி அடுத்த வருஷம் காய்ச்சல்ல போயிட்டாங்க. அந்த மாதிரிப் பிள்ளைங்க எங்க தோட்டத்துல மட்டும் எத்தனையோ. எந்த இல்லம் இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. எதிர் லயத்துல ரப்பர் பால் எடுக்கிற ஒரு பால்மரத்துக்காரம்மா, அவங்களுக்கே நாலு. எங்கம்மாவை அஞ்சாவதா வளர்த்தாங்க. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. எங்கம்மா சாகிற வரைக்கும் அவங்களைத்தான் ஆத்தான்னு கூப்பிட்டாங்க. எங்களுக்கும் அவங்கதான் பாட்டி. நான் பெரியவனான பிறகுதான் ரத்த உறவு இல்லன்னே தெரியும்.

இன்னொண்ணு. நான் சின்னப் பையனா இருக்கும்போது, அறுபதுகள்ல, வெள்ளைக்காரங்க கோயிலுக்கு வருவாங்க. பால்மாவு டின் கொடுப்பாங்க. நல்லவங்கதான், குறை சொல்லமாட்டேன். பால்மாவு குடிச்சுத்தான் வளர்ந்தோம். ஆனா படம் எடுக்கும்போது சட்டையக் கழட்டச் சொல்வாங்க. எங்கம்மா அன்னைக்குன்னு துவைச்சுப் போட்டு விட்ட சட்டை. கழட்டிட்டு நிக்கணும், கையில டின்னைப் பிடிச்சுக்கிட்டு. நான் கழட்டமாட்டேன்னு அழுதேன். தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி காதைத் திருகினார். அந்தப் படம் எந்த ஊர்ல எவன் வீட்டுச் சுவத்துல தொங்குதோ.

மகளைக் கூட்டிக்கிட்டுப் போம்மா. சட்டையோட படம் எடுக்கச் சொல்லு.

லயத்துப்பையன்

தாத்தா 🙏

கிள்ளான்_நர்ஸ்

யாரும் தொடாத விஷயத்தை நான் சொல்லிடுறேன். பிள்ளைங்க படிக்கிற இழையா இருக்கலாம், அதனால சுருக்கமா.

ரிச்சர்ட் ஹக்கிள்னு ஒரு பிரிட்டிஷ்காரன், பிள்ளைங்ககிட்ட பாலியல் குற்றம் செஞ்சவன். 2016 ஜூன்ல லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. 71 குற்றத்தை ஒத்துக்கிட்டான். பாதிக்கப்பட்டவங்க பெரும்பாலும் கோலாலம்பூர்ல ஏழைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைங்க, அதுல நம்ம பிள்ளைங்க உண்டு. கம்போடியாவுலயும் உண்டு. அவன் எப்படி உள்ள வந்தான்? தொண்டு செய்ய வந்தவனா, ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவனா, கேமராவோட. சபைக்கு வந்தான், பிள்ளைங்க பிறந்தநாளுக்கு வந்தான். வெளிநாட்டுக்காரன் இவ்வளவு அன்பா இருக்கானேன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. அந்த வழக்குக்குப் பிறகுதான் நம்ம நாட்டுல 2017-ல பிள்ளைங்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்துச்சு.

இப்ப பட்டம்பாங்ல இருக்கிறவங்களுக்கு வெளிநாட்டுக்காரர் யாரு? நாமதான். உங்க குழுவுல போற ஒவ்வொருத்தரையும் யாராவது விசாரிச்சாங்களா? பிள்ளைங்க தூங்கற பக்கம் யாரெல்லாம் போகலாம்னு விதி இருக்கா? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்களா? இதெல்லாம் கேட்டா "நம்ம சபை ஆளுங்கம்மா"ன்னு சொல்லுவாங்க. அதேதான் அப்பவும் சொன்னாங்க.

உங்க மகளும் 15 வயசுப் பிள்ளைதான் ரூத். அவளுக்கும் அதே விதி வேணும்.

மேற்பார்வையாளர்

இந்த வழக்கைப் பற்றி மேலும் விவரம் யாரும் எழுத வேண்டாம். பாதுகாப்பு பற்றிப் பேசலாம்.

சிப்புட்_ரூத்

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி பூரா படிச்சேன். தாத்தா எழுதினதை வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு குழுத் தலைவர்கிட்டக் கேட்டேன். "அநாதை இல்லம்னா அநாதைங்கதானே சிஸ்டர்"னார். அங்கயே கேட்டுச் சொல்லுங்கன்னு விடாம நின்னேன். புதன்கிழமை பதில் வந்துச்சு. 32 பிள்ளைங்க. ரெண்டு பேரும் இல்லாதவங்க நாலு பேர். மத்தவங்களுக்கு அம்மா இருக்காங்க, இல்லன்னா ரெண்டு பேருமே இருக்காங்க. "ஆனா ரொம்ப ஏழைங்க"ன்னு சேர்த்துச் சொன்னாராம். அநாதைன்னு ஏன் போட்டீங்கன்னு கேட்டதுக்கு, "அப்படிப் போட்டாத்தான் உதவி வருது"ன்னு ஒளிவு மறைவில்லாம சொல்லிட்டார் அந்த இல்லத்து நிர்வாகி. பொய் சொல்ற ஆளாத் தெரியல. வேற வழி தெரியாத ஆள் மாதிரி இருக்கு.

இப்ப சபையில நான்தான் கெட்ட பேர் எடுத்தவ. ஊழியத்துக்குக் குறுக்க நிக்கிறேனாம்.

தாப்பா_வார்டன்

நான் வேற பக்கம் இருந்து பேசறேன். இங்க ஒரு பிள்ளைங்க விடுதியில வேலை பார்க்கிறேன், பேர் வேணாம். எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு அம்மா அப்பா இருக்காங்க. கேமரன் மலை காய்கறித் தோட்டத்துல வேலை, இல்லன்னா சிங்கப்பூர்ல. அப்பா குடி, அம்மா ஓடிப்போயிட்டாங்க, பாட்டி படுத்த படுக்கை. எல்லாத்தையும் 'குடும்பத்தோட சேர்த்து வை'ன்னு சொல்றது ஈஸி. சில வீட்டுக்கு அனுப்பினா அடுத்த வாரம் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்கும்.

நம்ம அப்பா காலத்துல தோட்டத்துல ஆறாம் ஆண்டுக்கு மேல படிக்கணும்னா டவுன் விடுதியில விட்டாங்க. அதுல படிச்சு வந்த ஆசிரியர்ங்க, வக்கீல்ங்க எத்தனை பேர். அவங்களை யாராவது கடத்தப்பட்ட பிள்ளைங்கன்னு சொன்னாங்களா? இந்த இழையில எல்லா இல்லத்தையும் ஒரே சாக்குல கட்டறீங்க.

ஓய்வுபெற்ற_சமூகநலம்

வார்டன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பு என்று நான் சொல்லவில்லை. அடி உதை உள்ள வீட்டிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். ஆனால் அந்த விடுதிகளில் படித்தவர்களை 'அநாதை' என்று பலகை வைத்து யாருக்கும் காட்டவில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அப்பா சைக்கிளில் அரிசி மூட்டையோடு வந்து பார்த்தார். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

பதிவு, மேற்பார்வை, கணக்கு என்பதும் சும்மா இல்லை. நம் நாட்டில் 1993 பராமரிப்பு நிலையச் சட்டப்படி இலாகாவில் பதிய வேண்டும். இருந்தும் 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் போலிஸ் நுழைந்து 402 பிள்ளைகளை வெளியே கொண்டு வந்ததே, மறந்துவிட்டோமா? அதில் எத்தனையோ பேருக்குப் பெற்றோர் இருந்தார்கள். இதில் எந்த மதமும் விதிவிலக்கு இல்லை.

பட்டம்பாங்கிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. டாரா விங்க்லர் என்ற ஆஸ்திரேலியப் பெண் 2007-இல் அங்கே ஒரு பிள்ளைகள் இல்லம் தொடங்கினார். பிள்ளைகள் கம்போடியாவின் கெமர் மொழியில் பேசுவது புரியத் தொடங்கியபோது, பெரும்பாலோருக்கும் குடும்பம் இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. இல்லத்தை நடத்துவதை விட்டுவிட்டுக் குடும்பங்களைத் தாங்கும் அமைப்பாக அதை மாற்றினார். தாய்க்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி, உண்மையில் யாருமற்றவர்களுக்கு உறவினர் வீடோ வளர்ப்புக் குடும்பமோ. இதை அவரே மேடையில் பேசியிருக்கிறார். உங்கள் நிர்வாகி மனது வைத்தால் அறிவுரை கேட்க அவருக்கு ஊருக்குள்ளேயே ஆள் இருக்கிறது.

நானே_அந்த_மகள்

வணக்கம். நான்தான் அந்த மகள். அம்மாவுக்குத் தெரியாம கணக்கு திறந்தேன். தெரிஞ்சாலும் பரவால்ல.

1. நான் கைப்பேசியோட குடும்பம் நடத்தல. அதுலதான் கீபோர்டு கத்துக்கிறேன்.

2. எல்லாரும் நான் போகணுமா வேணாமான்னு பேசறீங்க, என்கிட்ட யாரும் கேட்கல. முதல்ல எனக்குப் போக ஆசை இல்ல. பிறகு ஃப்ரெண்ட்ஸ் போறாங்கன்னு ஆசை வந்துச்சு. இப்ப இதைப் படிச்ச பிறகு வேற மாதிரி இருக்கு, சொல்லத் தெரியல.

3. போன வருஷம் எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்பெனி வந்து 'பி40 பிள்ளைங்க'ன்னு, அதாவது வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்கன்னு, பேனர் கட்டி, பேக் கொடுத்துப் படம் எடுத்துச்சு. நானும் நின்னேன். அன்னைக்கு ராத்திரியே அவங்க ஃபேஸ்புக்ல போட்டுட்டாங்க, வகுப்புல எல்லாரும் அனுப்பி அனுப்பிச் சிரிச்சாங்க. பேக் நல்ல பேக்தான். இன்னும் அதைத்தான் தூக்குறேன். அம்மாகிட்ட சொல்லல.

4. எல்பில் தாத்தா, உங்க காது இன்னும் வலிக்குதா?

எல்பில்_தாத்தா

வலிக்கலம்மா. அந்தக் கிராணி பேரன் இப்ப எனக்கு மருமகன். அவன் காதை நான் திருகிக்கிட்டு இருக்கேன்.

சிப்புட்_ரூத்

சாப்பிட வான்னா வராம ரூமுக்குள்ள இதைத்தான் தட்டிக்கிட்டு இருந்திருக்கா. பேக் விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும். கொஞ்சம் நேரம் கழிச்சு எழுதறேன்.

கிள்ளான்_நர்ஸ்

@நானே_அந்த_மகள் தங்கச்சி, நீ எழுதினதை உங்க சபைக் கூட்டத்துல அப்படியே வாசி. அம்மா வாசிச்சா 'குறுக்க நிக்கிறா'ம்பாங்க. நீ வாசிச்சா கேட்பாங்க.

ஜெபவீரன்

பிள்ளையை முன்னாடி தள்ளி விளையாடாதீங்க. அந்த 32 பேர் இன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிடுவாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா? நீங்க எல்லாம் போகாம விட்டா, அரிசியும் போகாது. இல்லத்தை மூடினா அவங்க ரோட்டுலதான் நிப்பாங்க. அத யாரு பார்த்துக்குவா, யூனிசெஃப்பா?

ஓய்வுபெற்ற_சமூகநலம்

இந்தக் கேள்வி சரியான கேள்வி, ஜெபவீரன். பணத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடிபடுவது பிள்ளைகள்தான். அரிசி போகட்டும். ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் போகட்டும்: புதிதாகப் பிள்ளை சேர்க்க வேண்டாம், இருக்கிறவர்களின் குடும்பத்தை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க ஒரு கெமர் சமூகப் பணியாளரை வையுங்கள், அந்தச் சம்பளத்தை நாங்கள் தருகிறோம். பிள்ளை வீட்டுக்குப் போனாலும் அவனுக்குரிய பணம் அவன் வீட்டுக்குப் போகும் என்று எழுதிக் கொடுங்கள். பிள்ளை இல்லத்தில் இருந்தால்தான் காசு என்ற முடிச்சு அவிழ்ந்தால், நிர்வாகிக்கே மூச்சு வரும். பத்துப் பதினான்கு பேர் விமானச் செலவைக் கூட்டிப் பாருங்கள், அந்தச் சம்பளம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று தெரியும்.

ஆளே போகக்கூடாது என்பதும் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேர் போகலாம். பிள்ளைகளோடு விளையாட இல்லை. கணக்கைப் பார்க்க, பணியாளர்களோடு உட்கார்ந்து பேச, தாய்மார் சிலரை அவர்கள் கிராமத்திலேயே சந்திக்க. சமைக்கத்தான் வேண்டும் என்றால் அங்கே சமைக்கிற அம்மாவுக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிட்டுச் சமையுங்கள்.

லயத்துப்பையன்

மகளும் அம்மாவும் என்ன செய்யறது அப்ப?

நான் சும்மா கேலி பண்ணிட்டுப் போறவன் இல்ல, அதனால சொல்றேன். சனிக்கிழமை காலையில பஸ் ஸ்டேஷன் பக்கத்துக் கடைமாடியில நாங்க நாலு பேர் கணக்கும் மலாயும் சொல்லிக் கொடுக்கிறோம். கோயில் பையன், சபைப் பையன், எல்லாரும் இருக்கோம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைங்களுக்குப் பதிவிலாகா பாரம் நிரப்ப ஒரு ஆள் வேணும். ஆலை ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு. மகள் கீபோர்டு வாசிப்பான்னா ரொம்ப நல்லது, எங்ககிட்ட ஓட்டை கீபோர்டு ஒண்ணு இருக்கு. அஞ்சு நாளுக்குன்னா வேணாம். வந்தா வருஷக் கடைசி வரைக்கும் வரணும். படம் எடுக்கமாட்டோம் 😄

நானே_அந்த_மகள்

எத்தனை மணிக்கு?

லயத்துப்பையன்

ஒன்பது. சாப்பிட்டுட்டு வா, எங்ககிட்ட மைலோ மட்டும்தான்.

சிப்புட்_ரூத்

சபைக் கூட்டம் நேத்து ராத்திரி நடந்துச்சு. மகள் அந்த பேக் கதையை வாசிச்சா. ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க. பத்தரை மணி வரைக்கும் சண்டை. ரெண்டு குடும்பம் எழுந்து போயிட்டாங்க, வேற சபைக் குழுவோட அதே விடுமுறையில போறாங்களாம். குழுத் தலைவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தார், ஆனா கடைசியில அவரே சொன்னார்: நானும் மூப்பர் ஒருத்தரும் முதல்ல போய்ப் பார்த்துட்டு வர்றோம், மத்தவங்க பயணம் தள்ளிப் போகட்டும்னு. அரிசிக் காசு நிக்காது. கிள்ளான் நர்ஸ் அக்கா சொன்ன விதிகளைத் தமிழ்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும்னும் முடிவாச்சு. அதுக்கு மட்டும் யாரும் எதிர்ப்பு சொல்லல.

எனக்கு இன்னும் அந்த ஊரைப் போய்ப் பார்க்கணும்னு மனசுல இருக்கு, மறைக்கல. அந்த நாலு பிள்ளைங்க நினைப்பு போகமாட்டேங்குது.

ஜெபவீரன்

எனக்கு இதுல முழு உடன்பாடு இல்ல. நான் போற குழு வேற, நான் போகத்தான் போறேன். ஆனா அந்தக் கேள்வியக் கேட்கிறேன்.

ஈப்போ_மார்த்தா

பிரதர், முகம் தெரியற படத்தையும் போடாதீங்க. நான் போட்டதை எல்லாம் நேத்து எடுத்துட்டேன்.

ரூத், டிக்கெட்டைப் பத்திச் சொல்றேன்: பேரை மாத்த விடமாட்டாங்க, தேதிய மாத்தலாம், வித்தியாசத்தைக் கட்டணும். தலைவரும் மூப்பரும் ஏப்ரல் நடுவுல போகலாம்னு பேசறாங்களாமே? அப்ப விலை ஏறியிருக்கும். நம்ம சித்திரைப் புத்தாண்டு சமயத்துலதான் கெமர் புத்தாண்டும், ஊரே லீவு.

ஓய்வுபெற்ற_சமூகநலம்

விலை ஏறினாலும் அந்த வாரமே போகச் சொல்லுங்கள். கெமர் புத்தாண்டுக்கு எல்லாரும் சொந்த ஊருக்குப் போவார்கள். இல்லத்தில் எத்தனை பிள்ளைகள் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணட்டும். 32 பேரும் அங்கேயே இருந்தால் ஏன் என்று கேட்கட்டும்.